நிறுத்துவதா, தொடர்வதா? இருதய அஞ்சியோகிராமும் குருதி உறைவுத் தடுப்பு மருந்துகளும்

மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்குப் பிரதேசத்தில், ஏ-32 வீதியிலிருந்து உள்ளே தள்ளி, வயலும் குளமும் சூழ்ந்த ஊர் பெரியமடு. இங்கிருந்து ஒருவர் அஞ்சியோகிராம் பரிசோதனைக்குப் போவதென்றால் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையோடு அவரது பயணம் முடிவதில்லை. கதீற்றர் ஆய்வுகூடம் உள்ள யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ வேறு பெரிய வைத்தியசாலைக்கோ அவர் போகவேண்டும். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின் யாழ்ப்பாணப் பாதை குறுகிவிட்டது. ஆனாலும் அரை நாள் பயணத்துக்கும் ஒரு துணையாளுக்கும் ஆயத்தமாகவே போகவேண்டியிருக்கிறது.

அப்படிப் போகிறவர் இருதய வால்வு மாற்றப்பட்டவராகவோ, ஒழுங்கற்ற இதயத்துடிப்பு உள்ளவராகவோ இருந்தால் இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது. தினமும் குடிக்கும் ‘இரத்தம் இளக்கும் குளிசை’யைப் பரிசோதனைக்கு முன் நிறுத்தவேண்டுமா? நிறுத்தினால் உறைகட்டி மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வரலாம். நிறுத்தாவிட்டால் ஊசி குத்திய நாடியிலிருந்து குருதி பெருகலாம். இந்த இரு அச்சங்களுக்கு இடையே அறுபது ஆண்டுகளாக மருத்துவம் தந்துவந்த விடைகளையும், அவை எங்கிருந்து பிறந்தன, எங்கே பலவீனப்படுகின்றன என்பதையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

ஒரே பெயரில் இருவகை மருந்துகள்

‘இரத்தம் இளக்கும் குளிசை’ என்ற வழக்கு இரண்டு வேறு மருந்து வகைகளை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. உண்மையில் எந்தக் குளிசையும் குருதியை இளக்குவதில்லை. அஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகியவை குருதிச் சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கின்றன. வோர்பரின், ஹெப்பாரின், அண்மையில் வந்த டபிகட்ரான், ரிவரொக்சபான், அபிக்சபான் ஆகியவை உறைதலுக்குரிய புரதங்களின் வேலையைத் தடுக்கின்றன. முதல் வகை அஞ்சியோகிராமுக்காகப் பொதுவாக நிறுத்தப்படுவதில்லை. ஸ்டென்ட் வைத்தவர் அதைத் தானாக நிறுத்துவது உயிராபத்தாகவும் முடியலாம். விவாதம் முழுவதும் இரண்டாம் வகையைப் பற்றியதே. கிளினிக்கில் “இரத்தக் குளிசையை நிப்பாட்டுங்கோ” என்று சொல்லும்போது எந்தக் குளிசை என்று பெயர் சொல்லாவிட்டால் தவறானது நின்றுபோகும்.

இரண்டாம் வகையின் வரலாறு ஒரு நூற்றாண்டைத் தாண்டியது. 1916 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் மருத்துவ மாணவர் ஜே மக்லீன், உறைதலைத் தடுக்கும் பொருளொன்றைத் திசுக்களில் கண்டார். அந்த ஆய்வுகளின் வழியே ஹெப்பாரின் வந்தது. கெட்டுப்போன இனிப்புக் குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள் குருதி கொட்டிச் சாவதை ஆராய்ந்த விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் லிங்க் குழுவினரின் வேலையிலிருந்து வோர்பரின் பிறந்தது. 1948 இல் எலிமருந்தாக விற்கப்பட்ட அது 1954 இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு மாரடைப்புக்கு உள்ளான அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் அது கொடுக்கப்பட்டது.

முதல் நிலைப்பாடு: நிறுத்துவதே பாதுகாப்பு

1958 இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் முடியுருநாடிக்குள் நேரடியாகச் சாயத்தைச் செலுத்திப் படமெடுத்தார். 1967 இல் மெல்வின் ஜட்கின்ஸ் தொடை நாடி வழியே கதீற்றரைச் செலுத்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அஞ்சியோகிராம் என்றால் பெரும்பாலும் தொடை வழிதான்.

தொடை நாடி பெரியது, ஆழமானது. குத்திய இடம் சற்று மேலே போய்விட்டால் அதை வெளியிலிருந்து அழுத்திப் பிடிப்பது கடினம். கசியும் குருதி வயிற்றறைக்குப் பின்புறம் கண்ணுக்குத் தெரியாமலே தேங்கும். இரத்த அழுத்தம் விழுந்த பிறகே விடயம் தெரியவரும். இந்த அனுபவமே ‘முதலில் நிறுத்து’ என்ற விதியைப் பிறப்பித்தது. வோர்பரினைப் பல நாட்களுக்கு முன்பே நிறுத்தி, குருதி உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கிய பின் பரிசோதனையைச் செய்வது வழக்கமாயிற்று. அமெரிக்க இருதயத் தலையீட்டு மருத்துவர் சங்கம் 2012 இல் வெளியிட்ட இணக்க ஆவணம், தொடை வழிக்கு 1.8 க்குக் கீழும் மணிக்கட்டு வழிக்கு 2.2 க்குக் கீழும் அந்த அளவு இருப்பது விரும்பத்தக்கது என்றது.

விதியின் உள்நோக்கம் நியாயமானது. ஆனால் வோர்பரின் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மருந்து. நிறுத்தியபின் அதன் வலு தணிய ஏறத்தாழ ஐந்து நாட்கள் ஆகும். மீண்டும் தொடங்கிச் சரியான அளவை அடைய அதேயளவு அல்லது கூடுதல் நாட்கள் ஆகும். ஆகவே அரை மணிநேரப் பரிசோதனை ஒன்றுக்காக ஒருவர் ஒரு வாரத்துக்கு மேல் போதிய காப்பில்லாமல் இருக்கிறார். நாட்டுப்புற நோயாளிக்கு இந்த இடைவெளி இன்னும் நீளக்கூடும். பரிசோதனைத் திகதி தள்ளிப்போனால் நிறுத்திய குளிசையும் கூடவே தள்ளிப்போகும்.

இரண்டாவது நிலைப்பாடு: ஊசியால் இடைவெளியை நிரப்புதல்

இந்த இடைவெளியைக் கண்டு அஞ்சியவர்கள் ஒரு நடுவழியைக் கண்டார்கள். வோர்பரினை நிறுத்திய நாட்களில் விரைவாக ஏறி விரைவாக இறங்கும் ஹெப்பாரினையோ, தோலின் கீழ் ஏற்றும் எனொக்சபரின் போன்ற ஊசிகளையோ கொடுத்துப் ‘பாலம் கட்டுவது’ அந்த வழி. தர்க்கம் அழகானது என்பதால் ஆய்வுகள் வரும் முன்னரே இது எங்கும் பரவிவிட்டது.

ஆய்வுகள் வந்தபோது படம் மாறியது. இதயத்துடிப்பு சீராக்கும் கருவி பொருத்தப்பட்ட 681 நோயாளரிடம் 2013 இல் வெளியான ‘புரூஸ் கொன்ட்ரோல்’ ஆய்வு நடத்தப்பட்டது. வோர்பரினைத் தொடர்ந்தவர்களில் 3.5 வீதத்தினருக்கே கருவி வைத்த இடத்தில் குறிப்பிடத்தக்க குருதிக்கட்டி வந்தது. ஊசிக்கு மாறியவர்களில் அது 16 வீதம். 2015 இல் வெளியான ‘பிரிட்ஜ்’ ஆய்வு, ஒழுங்கற்ற இதயத்துடிப்பு உள்ள 1884 பேரை வோர்பரினை நிறுத்தச் செய்து, பாதிப்பேருக்கு ஊசியும் மற்றப் பாதிக்குப் போலி ஊசியும் கொடுத்தது. உறைகட்டி நேர்ந்தது இரு பக்கமும் ஏறத்தாழச் சமம்: ஊசியில்லாதோரில் 0.4 வீதம், ஊசி பெற்றோரில் 0.3 வீதம். பெரும் குருதிப்போக்கோ ஊசியில்லாதோரில் 1.3 வீதமாகவும் ஊசி பெற்றோரில் 3.2 வீதமாகவும் இருந்தது.

இவ்வாய்வுகள் பாலம் கட்டும் வழக்கத்தைப் பெரிதும் தளர்த்தின. எனினும் அவற்றின் எல்லையை மறக்கலாகாது. செயற்கை உலோக வால்வு உள்ளவர்கள் ‘பிரிட்ஜ்’ ஆய்வில் சேர்க்கப்படவில்லை. கனடாவிலும் இந்தியாவிலும் நடந்து 2021 இல் வெளியான ‘பெரியொப்-2’ ஆய்வின் 1471 பேரில் உலோக வால்வு உள்ளோர் 304 பேர். சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுத்த ஊசியால் தெளிவான நன்மை எதுவும் அங்கும் தென்படவில்லை. ஆனால் சத்திரசிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் ஊசி கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே வால்வு நோயாளருக்கு ஊசியே வேண்டாம் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

1994 இல் வெளியான தொகுப்பாய்வொன்றின்படி, உலோக வால்வு உள்ளோர் எந்தத் தடுப்பு மருந்தும் எடுக்காவிட்டால் ஆண்டுக்கு நூற்றில் நால்வரளவில் பெரும் உறைகட்டி அடைப்பு நேரும். இதை நாட்களாகப் பிரித்தால் ஒரு வாரத்துக்குரிய ஆபத்து ஆயிரத்தில் ஒன்றிலும் குறைவு. ஊசி வேண்டாம் என்போர் காட்டும் கணக்கு இதுதான். ஆனால் ஆபத்து எல்லா வால்வுக்கும், எல்லா நாளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டதன்று. இருகூர் வால்வின் இடத்தில் வைத்த உலோக வால்வு, பெருநாடி வாயிலில் வைத்ததைவிட உறைகட்டிக்கு எளிதில் இடம் கொடுக்கும். சராசரிக் கணக்கில் அப்படி வால்வு வைத்தவரின் ஆபத்து மறைந்துவிடுகிறது.

மூன்றாவது நிலைப்பாடு: தொடர்வது, மணிக்கட்டு வழியே

கேள்வியின் உருவத்தையே மாற்றியது மருந்தன்று, வழி. 1989 இல் மொன்ட்ரியல் இருதய நிறுவனத்தின் லூசியன் கம்போ, மணிக்கட்டிலுள்ள ஆரை நாடி வழியே நூறு நோயாளரில் முடியுருநாடிப் படமெடுத்த அனுபவத்தை வெளியிட்டார். சில ஆண்டுகளில் நெதர்லாந்தின் ஃபெர்டினான்ட் கீமனீய் அதே வழியில் ஸ்டென்ட் வைத்துக் காட்டினார். ஆரை நாடி தோலுக்கு அடியிலேயே, எலும்பின் மேல் கிடக்கிறது. குருதி கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், விரலால் அழுத்தினால் நிற்கும்.

2011 இல் வெளியான ‘ரைவல்’ ஆய்வில் திடீர் இருதய நோயோடு வந்த 7021 பேர் சேர்க்கப்பட்டனர். குத்திய இடத்தின் பெரும் குருதிக்குழாய்ச் சிக்கல்கள் தொடை வழியில் 3.7 வீதமாகவும் மணிக்கட்டு வழியில் 1.4 வீதமாகவும் இருந்தன. வழி பாதுகாப்பானதென்றால் குளிசையை ஏன் நிறுத்தவேண்டும் என்ற கேள்வி இங்கிருந்து இயல்பாகவே எழுந்தது. வோர்பரினை நிறுத்தாமல் மணிக்கட்டு வழியே அஞ்சியோகிராம் செய்த சிறு தொடர்கள் நல்ல விளைவைக் காட்டின. ஸ்டென்ட் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய பின்லாந்தின் பல வைத்தியசாலைப் பதிவுகளும், மருந்தைத் தொடர்ந்தவர்களிடம் குருதிப்போக்கு கூடவில்லை என்றே காட்டின. ஐரோப்பிய இருதயவியல் சங்கம் தனது வழிகாட்டல்களில், வோர்பரின் போன்ற மருந்தை நிறுத்தாமலும் மணிக்கட்டு வழியை முதல் தெரிவாகக் கொண்டும் செய்வதை ஆதரிக்கிறது.

இந்நிலைப்பாட்டின் பலவீனம் அதன் சான்றின் தன்மையில் உள்ளது. அஞ்சியோகிராமுக்கென்றே, தொடர்வதையும் நிறுத்துவதையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் அரிது. பெரும்பாலானவை பதிவேடுகளும் அண்டைச் சிகிச்சைகளிலிருந்து கடன் வாங்கிய முடிவுகளும்தான். இரண்டாவதாக, மணிக்கட்டு வழி எல்லோருக்கும் கைகூடுவதில்லை. நாடி சுருங்கினாலோ வளைந்து கிடந்தாலோ வைத்தியர் மேசையிலேயே தொடைக்கு மாறவேண்டி வரும். வோர்பரினின் முழுக் காப்போடு வந்த நோயாளி அப்போது பழைய ஆபத்துக்கே திரும்புகிறார். பரிசோதனைக்காக வந்தவருக்கு அங்கேயே ஸ்டென்ட் வைக்கும் தேவையும் எழலாம். அதன்பின் சிறுதட்டு மருந்துகளும் சேர, குருதிப்போக்கின் ஆபத்து மாதக்கணக்கில் நீளும்.

மேசையில் கொடுக்கும் ஹெப்பாரின்

மணிக்கட்டு வழி ஒரு சிக்கலைத் தீர்த்து இன்னொன்றைக் கொண்டுவந்தது. சிறிய ஆரை நாடி, பரிசோதனைக்குப் பின் உறைந்து அடைபடக்கூடும். 1996 இல் ஸ்போல்டிங் என்ற பிரெஞ்சு மருத்துவரின் குழு வெளியிட்ட எண்கள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஹெப்பாரின் கொடுக்காதபோது 71 வீதத்தினருக்கு நாடி அடைபட்டது. 2000 முதல் 3000 அலகு கொடுத்தபோது 24 வீதம். 5000 அலகில் 4.3 வீதம். அன்று பயன்பட்ட குழாய்கள் இன்றையவற்றைவிடத் தடித்தவை, அழுத்தும் முறையும் முரடானது. ஆகவே முதல் எண்ணை இன்றைய நிலைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் தொடை வழிப் பரிசோதனைக்குக் கட்டாயமாகாத ஹெப்பாரின், மணிக்கட்டு வழிக்கு வழமையாகிவிட்டது.

வோர்பரின் குடிப்பவருக்கும் அது வேண்டுமா? உறைதலைத் தடுக்கும் மருந்து ஏற்கெனவே உடலில் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சமீர் பஞ்சோலி குழுவினர் 2014 இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வோர்பரினை மட்டும் நம்பியவர்களிடம் நாடி அடைப்பு, ஹெப்பாரின் பெற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. ஐரோப்பிய வழிகாட்டலோ, ஸ்டென்ட் சிகிச்சையின்போது ஐ.என்.ஆர். 2.5 க்கு மேல் உள்ளவருக்குக் கூடுதல் ஹெப்பாரின் தேவையில்லை என்கிறது. முதலாவது மணிக்கட்டு நாடியைக் காக்கப் பார்க்கிறது. இரண்டாவது குருதிப்போக்கைத் தவிர்க்கப் பார்க்கிறது. நோக்கம் வேறுபட்டதால் விடையும் வேறுபட்டது. இரண்டையும் சேர்த்து நிறுக்கும் ஆய்வே இன்னும் தேவை.

நாடி அடைப்பு பெரும்பாலும் வலியற்றது. கையின் மற்ற நாடி உள்ளங்கையைக் காத்துக்கொள்ளும். அதனாலேயே அது அலட்சியப்படுத்தப்படுகிறது. ஆனால் காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிய வட மத்திய மாகாணம் மன்னாருக்கு அயலில் உள்ளது. சிறுநீரக நோயாளருக்குப் பிற்காலத்தில் குருதிச் சுத்திகரிப்புக்கான இணைப்பு அமைக்க இந்த நாடி தேவைப்படலாம். மருந்தைக் கூட்டாமலே அடைப்பைக் குறைக்கும் வழியும் உண்டு. நாடியை முற்றாக நெரிக்காமல், குருதி ஓடவிட்டபடியே அழுத்தும் முறையை 2008 இல் பஞ்சோலி சோதித்தபோது, ஒரு மாதத்தின் பின் அடைப்பு 7 வீதத்திலிருந்து 1.8 வீதமாகக் குறைந்தது. செலவில்லாத, தாதியரின் கைப்பக்குவத்தில் தங்கியிருக்கும் முறை இது.

ஹெப்பாரினைப் பற்றி நோயாளியிடம் முன்கூட்டியே பேசவேண்டிய இரண்டு விடயங்கள் உண்டு. இன்று பரவலாகப் பயன்படும் ஹெப்பாரின் பன்றியின் குடற்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. பெரியமடு போன்று முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்களிலிருந்து வருபவருக்கு இதை அறியும் உரிமை உண்டு. உயிர்காக்கும் நிர்ப்பந்தத்துக்கு இஸ்லாமிய சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அந்தத் தீர்மானத்தை நோயாளி ஆலிம்களோடும் வைத்தியரோடும் கலந்து எடுக்க நேரம் கொடுக்கவேண்டும், மேசையில் படுத்தபின் அன்று. அடுத்தது, ஹெப்பாரினின் வலுவை முறிக்கும் புரொட்டமின் மீனின் விந்துச் சுரப்பிலிருந்து வந்தது. மீன் ஒவ்வாமை உள்ளவரிடமும், புரொட்டமின் கலந்த இன்சுலின் ஏற்றிவருபவரிடமும் அது அரிதாகக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். கடற்கரை மாவட்டத்தில் மீன் ஒவ்வாமையைக் கேட்டறிவது ஒரு நிமிட வேலை.

புதிய குளிசைகள்: எளிமையும் எல்லையும்

2010 அளவில் புழக்கத்துக்கு வந்த டபிகட்ரான், ரிவரொக்சபான், அபிக்சபான் ஆகியவை கேள்வியைப் பாதி எளிதாக்கின. அவை சில மணி நேரத்தில் ஏறி, ஓரிரு நாளில் இறங்கிவிடும். 2019 இல் வெளியான ‘போஸ்’ ஆய்வில் 3007 பேர், ஆபத்துக் குறைந்த சிகிச்சைக்கு முன் ஒரு நாளும் ஆபத்துக் கூடியதற்கு முன் இரண்டு நாளும் குளிசையை விட்டனர். ஊசிப் பாலம் எதுவும் கட்டப்படவில்லை. பெரும் குருதிப்போக்கு மூன்று மருந்துகளிலும் 2 வீதத்துக்குக் கீழும், உறைகட்டி 1 வீதத்துக்குக் கீழும் இருந்தன. டபிகட்ரான் பெரும்பாலும் சிறுநீரகத்தால் வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இடைவெளி நீள வேண்டும்.

ஆனால் இந்த எளிமை எல்லோருக்கும் உரியதன்று. 2013 இல் வெளியான ‘ரீ-அலைன்’ ஆய்வு, உலோக வால்வு உள்ளோரில் டபிகட்ரான் பெற்றவர்களில் 5 வீதத்தினருக்குப் பாரிசவாதமும், கூடிய குருதிப்போக்கும் நேர்ந்ததால் இடையில் நிறுத்தப்பட்டது. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு, துடிப்பும் ஒழுங்கிழந்த 4500 க்கு மேற்பட்டோரை உட்படுத்திய ‘இன்விக்டஸ்’ ஆய்வு 2022 இல் வெளிவந்தது. புதுடில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தைச் சேர்ந்த கணேசன் கார்த்திகேயன் அதன் முதன்மை ஆய்வாளர்களில் ஒருவர். ரிவரொக்சபானைவிட வோர்பரின் வகை மருந்து பெற்றவர்களிடமே மரணம் குறைந்தது. வாதக் காய்ச்சல் இருதய நோய் நம் பகுதிக்குப் புதிதன்று. ஆகவே பணக்கார நாடுகளில் வோர்பரின் பின்வாங்கினாலும், நம் கிளினிக்குகளில் அது நெடுங்காலம் இருக்கும். ‘நிறுத்துவதா’ என்ற பழைய கேள்வியும் அதனோடு இருக்கும்.

தூரம் என்னும் கணக்கு

மேலே கண்ட நிலைப்பாடுகள் எல்லாம், நோயாளி வைத்தியசாலைக்கு அருகில் வாழ்கிறார் என்ற எடுகோளில் நிற்கின்றன. ஐ.என்.ஆர். பரிசோதனை நினைத்த நாளில் கிடைக்கும், குருதி கசிந்தால் அரை மணியில் திரும்பி வரலாம் என்றே அவை எண்ணுகின்றன. பெரியமடுவுக்கு இந்த எடுகோள் பொருந்தாது.

தூரம் இரண்டு பக்கமும் வெட்டும். வீடு திரும்பியபின் குருதி கசிந்தால் உதவி தொலைவில் இருக்கிறது. இது நிறுத்தச் சொல்லும் வாதம். நிறுத்திய குளிசையைத் திரும்பத் தொடங்கி, ஐ.என்.ஆர். பார்த்து அளவைச் சரிசெய்யவும் பல பயணங்கள் தேவை. இது தொடரச் சொல்லும் வாதம். இரண்டாவதே எடை கூடியதாகத் தோன்றுகிறது. மணிக்கட்டுக் கசிவை விரலால் அழுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மூளைக்குப் போன உறைகட்டிக்கு அப்படியொரு கைவைத்தியம் இல்லை.

இடப்பெயர்வைக் கண்ட இப்பகுதியில் பழைய வைத்தியக் குறிப்புகள் எல்லோரிடமும் முழுமையாக இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது. எந்த வால்வு, எந்த ஆண்டு, எந்த ஐ.என்.ஆர். இலக்கு என்பது கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருந்தால்தான் மேலுள்ள ஆய்வுகளில் எது நோயாளிக்குப் பொருந்தும் என்று வைத்தியரால் சொல்ல முடியும். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி ஆகியவற்றில் விற்றமின் கே நிறைய உண்டு. பரிசோதனைக்கு முந்திய வாரங்களில் அவற்றைத் திடீரெனக் கூட்டுவதும் விடுவதும் வோர்பரினின் வலுவை மாற்றும்.

மதிப்பீடு

இதுவரை கண்டவற்றிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. மணிக்கட்டு வழியே செய்யும் அஞ்சியோகிராமுக்காக வோர்பரினை வழக்கமாக நிறுத்தவேண்டும் என்ற பழைய விதிக்கு இன்று வலுவான ஆதாரம் இல்லை. ஒழுங்கற்ற துடிப்புக்காக மட்டும் வோர்பரின் எடுப்பவர்களுக்கு ஊசிப் பாலம் நன்மையைவிடத் தீமையே கூடுதலாகச் செய்கிறது. புதிய குளிசைகளுக்கு ஒன்று அல்லது இரண்டு நாள் இடைவெளி பொதுவாகப் போதும். தொடை வழி தவிர்க்க முடியாதபோது பழைய எச்சரிக்கை இன்னும் செல்லும்.

திறந்திருப்பவையும் உண்டு. இருகூர் வால்வின் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்குத் தொடர்வதா, பாலமா என்பதற்கு அஞ்சியோகிராமை மையமாகக் கொண்ட பெரிய ஒப்பீட்டுச் சான்று தேவை. வோர்பரினில் இருப்பவருக்கு மேசையில் எவ்வளவு ஹெப்பாரின் என்பது தீரவில்லை. வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குள்ள தூரத்தை ஆபத்துக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பதும் ஆய்வுக்குரியது. வடக்கின் கதீற்றர் ஆய்வுகூடங்கள் தமது நோயாளரின் ஊர், வால்வு, ஐ.என்.ஆர்., ஒரு மாத விளைவு ஆகியவற்றை ஒழுங்காகப் பதிந்து வந்தால், அந்த விடையை வேறு நாட்டிலிருந்து கடன் வாங்காமல் இங்கேயே எழுதலாம்.

இக்கட்டுரை தனியொருவருக்கான மருத்துவ ஆலோசனை அன்று. பரிசோதனைத் திகதி கிடைத்தவர் கிளினிக் கொப்பியோடு போய் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும்: எந்தக் குளிசையை நிறுத்துவது, எந்த நாள் முதல், திகதி தள்ளிப்போனால் என்ன செய்வது, எந்த நாள் மீண்டும் தொடங்குவது. விடைகளை வைத்தியரின் கையாலேயே கொப்பியில் எழுதி வாங்கட்டும். அந்த எழுத்து கிடைக்கும்வரை எந்தக் குளிசையையும் தாமாக நிறுத்தவேண்டாம்.